எண்ணெய்க் கடை வாசலில் ஒரு பி.ஏ.

போர்டு எழுதுகிறவர் ஏணியில் நின்றபடி கீழே குனிந்து கேட்டார்.

"அண்ணாச்சி, பி.ஏ.ங்கிறத பேரு அளவுக்குப் போடணுமா, இல்ல கொஞ்சம் சின்னதாப் போடணுமா?"

அப்பா யோசிக்கவே இல்லை. "பேரை விடப் பெருசாப் போடும். பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்."

குற்றாலத்தில் சீசன் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. பேரருவியில் பாறையை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். எங்களுக்குத் தென்காசியில் எண்ணெய்க் கடை. வருஷா வருஷம் சீசனுக்கு அருவிக்குப் போகும் பாதையில் ஓலைக்கொட்டகை போட்டு, குளிக்க வருகிறவர்களுக்கு நல்லெண்ணெயும் வாசனைத் தைலமும் சீயக்காயும் விற்போம். சாமான், சட்டி, அம்மா, நான் என்று குடும்பமே கொட்டகையின் பின்பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிடும்.

அந்த வருஷம் போர்டு புதிது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. "சொக்கலிங்கம், பி.ஏ." என்று மேலே, தைலம், எண்ணெய், சீயக்காய், பயற்றம்மாவு எல்லாம் கீழே.

சொக்கலிங்கம் என் அண்ணன். சென்னையில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தான். எழுதிவிட்டு வந்திருந்தானே தவிர, ரிசல்ட் வரவில்லை. வருவதற்கு இன்னும் நாள் இருந்தது.

இது அந்தக் கொட்டகையில் என் ஒருத்திக்குத்தான் உறுத்தியது. அப்பாவின் வேட்டி நுனியைப் பிடிக்காத குறையாகப் போய்ச் சொன்னேன். "அப்பா, ரிசல்ட் வரலியே. வந்த பொறவு எழுதலாம்லா?"

"ஏட்டி, நாலு வருஷம் படிச்சிருக்கான். பரிச்சையும் எழுதிட்டான். பொறவு என்ன? சோறு வடிச்சாச்சு, எலையில போடுத நேரந்தான் பாக்கி."

அண்ணன் கொட்டகைக் காலில் சாய்ந்து நின்றான். போர்டைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு தாயாரின் கேள்வி

நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவரும் செங்கோட்டைத் தாயார் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறதாம். "அனுப்பினால் வேலை கிடைக்குமா? மாப்பிள்ளை கிடைப்பானா? இரண்டும் இல்லாமல் நடுத்தெருவில் நின்றுவிடுவாளா? நீங்கள் அனுபவப்பட்டவர், சொல்லுங்கள்" என்கிறார்.

அம்மா, நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. என்னிடம் போய்த் தைரியம் கேட்கிறீர்கள். பஸ் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, இது நம் பஸ்தானா என்று கண்டக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்கிற ஜாதி நான். அறிவுரை எல்லாம் என்னால் ஆகாது. அந்தப் போர்டின் கதையைச் சொல்கிறேன். அதிலிருந்து உங்களுக்கு ஏதாவது தேறினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலிக்காக

அப்பாவுக்கு பி.ஏ. மேல் இவ்வளவு மோகம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் பாவாடை கட்டிய காலம்.

ஏதோ பட்டா விஷயமாக அப்பா தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். காலையிலிருந்து நின்றார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உச்சிவேளையில் ஒரு பையன் வந்தான். அப்பாவுக்குத் தெரிந்த ஜவுளிக் கடைக்காரரின் மகன்தான். அப்பா தூக்கி வைத்து விளையாடிய பிள்ளை. அவன் என்னவோ இங்கிலீஷில் சொன்னான். உள்ளே இருந்த குமாஸ்தா எழுந்து, "சார், பி.ஏ.வா? உட்காருங்கோ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பையன் உட்கார்ந்தான். அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "நம்ம பயல பி.ஏ. ஆக்கணும். அவனுக்கு ஒருத்தன் நாற்காலி போடணும்."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "நாற்காலிதான வேணும்? ஆசாரிகிட்டச் சொன்னா செஞ்சு தருவாருல்லா?" என்றாள்.

அம்மா இப்படித்தான். சிரிக்காமல் சொல்லுவாள். சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்துக்கொள்வாள்.

கடைசியில் அம்மா சொன்னதும் நடந்தது, அப்பா சொன்னதும் நடந்தது. அண்ணன் பரீட்சை எழுதிவிட்டு வந்ததும் அப்பா ஆசாரியிடம் சொல்லி ஒரு நாற்காலி செய்து, சீசன் கடையில் கொண்டுவந்து போட்டார். அண்ணன் அதில் உட்கார வேண்டும். அப்பா சாமான் பெட்டி மேல் உட்காருவார். எண்ணெய்க் கடையில் நாற்காலி என்ன ஆகும்? நாலே நாளில் கைப்பிடி எல்லாம் பிசுபிசுத்துப் போயிற்று. அண்ணன் எழுந்தால் வெள்ளைச் சட்டையின் முதுகில் பட்டை பட்டையாக எண்ணெய். அதைத் துவைக்கிற வேலை எனக்கு.

எனக்கு என்ன கவலை

இதில் எனக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது.

நானும் அந்த வருஷம்தான் ஸ்கூல் பைனல் பாஸ் செய்திருந்தேன். எங்கள் தலைமை ஆசிரியை பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் எனக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். அப்பாவிடம் வந்து பேசியும் விட்டார். அப்பா அவருக்கு எதிரில் தலையை ஆட்டினார். அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"அண்ணன் பாஸாகி ஒரு வேலையில உக்காரட்டும். படிப்புல பலன் உண்டுன்னு தெரிஞ்சா நீயும் போ. இல்லன்னா ஆவணியில ஆய்க்குடிதான்."

ஆய்க்குடி என்றால் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. அத்தைக்கு ஒரே மகன், முருகையா. போலீசில் சேர்ந்து சிவகிரியில் இருந்தார். நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்தால் அவரும் வெட்கப்படுவார், நானும் வெட்கப்படுவேன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லூரிக்குப் போக வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது.

ஆக, அண்ணன் எழுதிய பரீட்சையில் எனக்கும் சேர்த்து மார்க் போடப் போகிறார்கள். நான் எழுதாத பரீட்சை. அதில் என்ன கேட்டார்கள், இவன் என்ன எழுதினான், ஒன்றும் தெரியாது. இதைவிடப் பயம் வேறு வேண்டுமா?

மூன்றில் இரண்டு

சாரல் விழ ஆரம்பித்த ஒரு நாள் ரிசல்ட் வந்தது. பத்திரிகை தென்காசி ஸ்டேஷனுக்கு ரயிலில் வரும். அண்ணன் அங்கேயே போய் நின்று பார்த்துவிட்டு, வண்டி பிடிக்காமல் குற்றாலத்துக்கு நடந்தே வந்தான். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். அவன் வாங்கவில்லை.

"இங்கிலீஷ் போயிட்டுப்பா" என்றான்.

அப்பா எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். படியை நிரப்பிவிட்டுக் கேட்டார். "மத்ததெல்லாம்?"

"தமிழும் சரித்திரமும் பாஸ்."

அப்போது பி.ஏ.வில் இங்கிலீஷ் ஒரு பகுதி, தாய்மொழி ஒரு பகுதி, நாம் எடுத்த பாடம் ஒரு பகுதி. எதில் தவறுகிறோமோ அதை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனால் மூன்றும் முடிந்தால்தான் பட்டம்.

இதை அண்ணன் விளக்கிச் சொன்னான். அப்பா புரிந்துகொண்டது வேறு விதம்.

"அப்ப மூணுல ரெண்டு வந்தாச்சுல்லா? தகரத்துல எண்ணெய் கொறைஞ்சா பொறவு ஊத்தி நெரப்புதோம்லா, அந்த மாதிரிதானலே. செப்டம்பர்ல மிச்சத்த நெரப்பு. போர்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எண்ணெய் வியாபாரிக்கு எதுவும் அளவுதான். குறைவாக இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று அப்பா மனப்பூர்வமாக நம்பினார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கும் அண்ணனுக்கும் தோன்றியது.

தட்டிக்குப் பின்னால்

அந்த சீசன் முழுவதும் நான் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சீயக்காய்ப் பொட்டலம் கட்டினேன். மூக்கில் நெடி ஏறி ஓயாமல் தும்மல் வரும். தும்மலுக்கு இடையில் காதைக் கடை வாசலில் வைத்திருப்பேன்.

குற்றாலத்துக்கு வருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அருவிக்குக் கீழே போய்விட்டால் கலெக்டரும் கட்டை வண்டிக்காரரும் ஒன்றுதான். எல்லோரும் துண்டும் எண்ணெயுமாக நிற்பார்கள். ஆனால் எண்ணெய் வாங்க வரும்போது குரலில் தெரிந்துவிடும். வக்கீல்கள் விலையை இரண்டு தரம் கேட்பார்கள். உத்தியோகஸ்தர்கள் கேட்கவே மாட்டார்கள். இவர்கள் இரு சாராரும் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரப்பா இங்கே பி.ஏ.? எந்த காலேஜ்? எந்த வருஷம்?" என்று ஆரம்பிப்பார்கள்.

ஒவ்வொரு தரமும் என் கை நின்றுவிடும். அண்ணன் காலேஜின் பெயரை மட்டும் சொல்லுவான். வருஷத்தைச் சொல்லமாட்டான். தைலத்தின் குணத்தைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்துவிடுவான். போகப் போக, கோட்டுப் போட்ட ஆள் தூரத்தில் வந்தாலே நாற்காலியை விட்டு எழுந்து தட்டிக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நிற்பான். வெளியே அப்பா கூப்பிடுவார்: "ஏலே, சார் வந்திருக்காருல்லா, வந்து இங்கிலீஷ்ல பேசு."

ஒரு நாள் பெரிய தாட்டான் குரங்கு ஒன்று போர்டைப் பிடித்துத் தொங்கி ஆட்டியது. அப்பா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். தென்காசி உலகம்மனை நினைத்து, அந்தப் போர்டு முறிந்து விழட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அம்மன் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். இருந்தும் அன்று காது கொடுக்கவில்லை. குரங்கு இறங்கி, பயற்றம்மாவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அருவி அப்போது நிறைந்து விழுந்தது. கடை வரைக்கும் தூவானம் வரும். நான் ஒரு நாள்கூடக் குளிக்கப் போகவில்லை. அம்மா கூப்பிட்டால் சளி என்பேன். நான் இல்லாத நேரத்தில் கடையில் என்ன ஆகுமோ என்ற பயம்தான்.

குடை பிடித்த ஜட்ஜ்

ஓய்வுபெற்ற ஜட்ஜ் ஒருவர் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். கழுத்தில் கம்பளித் துணி, கையில் குடை. காலையில் எங்கள் கடையில்தான் தைலம் வாங்குவார். மற்றவர்கள் மாதிரி கேள்வி கேட்கவில்லை. சரித்திரத்தில் ஆசை உள்ளவர். தென்காசிக் கோயில் கோபுரம் எப்படி இடிந்தது என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் பேசினான். பாண்டியர்கள், நாயக்கர்கள், பாளையக்காரர்கள் என்று அவன் பேசியதை நான் தட்டிக்குப் பின்னால் இருந்து கேட்டேன். அந்த சீசனில் அவன் குரல் அவன் குரலாக இருந்தது அன்றைக்குத்தான். ஜட்ஜ் தைலம் வாங்க வந்ததையே மறந்துவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒரு வாரம் போனதும் சொன்னார்: "எனக்குத் தெரிந்தவர் ஒரு ஹைஸ்கூல் நடத்துகிறார். சரித்திரத்துக்கு ஆள் தேடுகிறார். நீர் இங்கே உட்கார்ந்து எண்ணெய் அளப்பது எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு வாரும்."

அவர் தலை மறைந்ததும் அப்பா துள்ளிக் குதிக்காத குறை. "போர்டு போட்டதுக்குப் பலன் தெரியுதா? இந்த வீட்டுல எவளுக்காவது நான் சொன்னது வெளங்குச்சா?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "சர்டிபிகேட்டுக்கு எங்கன போவேன்?"

"பின்னால வரும்னு சொல்லு. செப்டம்பர்ல நீ எழுதப் போற, அதுவும் வரத்தான போகுது. அதுக்குள்ள அவரு என்ன, யுனிவர்சிட்டிக்கா போயிக் கேக்கப் போறாரு?"

அந்த இரண்டு மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அதோடு என் கல்லூரியும் போய்விடும். பொய் சொன்னால், ஒரு ஜட்ஜிடம் சொல்லுகிற பொய், என்றைக்கு வெடிக்குமோ தெரியாது. எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

திங்கட்கிழமை அவன் சட்டையை நான்தான் சீயக்காய் போட்டுத் துவைத்துக் கொடுத்தேன். முதுகில் எண்ணெய்ப் பட்டை மங்கலாகத் தெரிந்தது. போனான். சாரலில் நனைந்துகொண்டு திரும்பி வந்தான்.

"சொல்லிட்டேன்" என்றான்.

அப்பா பெட்டியிலிருந்து எழுந்தார். "என்னன்னு?"

"நான் பி.ஏ. இல்லன்னு."

"அவரு என்னலே சொன்னாரு?"

"காப்பி குடிக்கச் சொன்னாரு. குடிச்சேன். வேற ஒண்ணும் பேசல."

மறுநாள் காலையில் ஜட்ஜ் வழக்கமான நேரத்துக்கு வந்தார். எங்கள் கடைக்கு முன்னால் முகம் மறையும்படி குடையை எங்கள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். எதிர்க் கடைக்குப் போய்த் தைலம் வாங்கினார். அப்பா அவரைப் பார்த்தார், பிறகு போர்டைப் பார்த்தார். என் அப்பா பேசாமல் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தை வந்தாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆய்க்குடியிலிருந்து அத்தை குளிக்க வந்தாள். வந்த வேகத்திலேயே விஷயம் அவள் காதுக்குப் போய்விட்டது. எதிர்க் கடைக்காரர் உபயம்.

"ஏட்டி உலகு, இங்கன வா" என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசினாள். "அண்ணே, நான் சொல்லுதேன்னு கோவப்படாதிய. இவன் படிச்ச படிப்பு போர்டுல தொங்குது. இவளையும் அனுப்பிச்சு இன்னொரு போர்டு எழுதப் போறியளா? எம் மவன் எட்டாப்புதான். சிவகிரி கடைத்தெருவுல அவன் வந்தா எல்லாவனும் எந்திச்சு நிக்கான். இந்தப் பய நாலு வருஷம் பட்டணத்துல இருந்துட்டு வந்து, கோட்டுப் போட்டவனைக் கண்டா ஒளியுதான்."

அத்தை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் கை என் முதுகில் இருந்தது, பிரியமான கைதான்.

அப்பா எழுந்து உள்ளே போனார். கொட்டகைக் கால்களைக் கரையான் அரிக்காமல் இருக்க வாங்கி வைத்திருந்த தார் டப்பாவையும் அதைப் பூசுகிற மட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அந்த நாற்காலியை இழுத்து போர்டுக்குக் கீழே போட்டு அதன் மேல் ஏறினார். கால் வழுக்கியது. அண்ணன் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

மட்டையைத் தாரில் தோய்த்த அப்பா, அப்படியே நின்று கீழே பார்த்தார்.

"ஏலே சொக்கு. நீ போயிட்டு வந்தவன். எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே சொல்லு. படிப்புல பிரயோசனம் உண்டா, இல்லையா? நீ என்ன சொல்லுதியோ அதுதான் இவளுக்கும்."

என் தலைக்குள் அருவி விழுகிற சத்தம். அண்ணன் இந்தச் சில வாரங்களில் பட்ட அவமானத்தை எல்லாம் கிட்ட இருந்து பார்த்தவள் நான். அவன் இல்லை என்று சொன்னால் குற்றம் சொல்ல எனக்கு வாய் இருக்காது. அவன் இல்லை என்றுதான் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

அண்ணன் நாற்காலியை விடாமல் பேசினான்.

"வேலைக்கு ஆகுமான்னா எனக்குத் தெரியலப்பா. எனக்கு ஆகல. ஆனா அங்கன போன மொத நாளு வாத்தியார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. நான் யாரையோ கூப்பிடுதாருன்னு உக்காந்திருந்தேன். இங்கன எவன் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டான்? எண்ணெய்க் கடைக்காரர் மவன், அவ்வளவுதான். நாலு வருஷம் நான் சொக்கலிங்கமா இருந்தேன். இவ இன்னைக்கு ஒங்க மவ. நாளைக்கு முருகையா பொண்டாட்டி. நடுவுல கொஞ்ச காலம் உலகம்மாளா இருந்துட்டு வரட்டுமே."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் நிறுத்தவில்லை.

"பி.ஏ.வ அழிக்காதீங்க. எம் பேரை மட்டும் அழிங்க."

அப்பா வெகு நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தார் சொட்டி அவர் வேட்டியில் விழுந்தது. பிறகு, தான் ஆசைப்பட்டு எழுதவைத்த பெயரின் மேல் மட்டையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். நான் அழுதுவிட்டேன்.

"பேரு இல்லாத பி.ஏ.வா? ஊரு சிரிக்கும்" என்றாள் அத்தை.

"சிரிக்கட்டும். எண்ணெய வாங்கிட்டுச் சிரிக்கட்டும்" என்று அப்பா இறங்கினார். என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இங்கிலீஷ ஒழுங்காப் படி" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

கறுப்புப் பட்டை

பாளையங்கோட்டையில் வருகைப் பதிவுக்கு "உலகம்மாள்" என்று முழுப் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன். அண்ணன் சொன்னது உண்மைதான். யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

ஆனால் நிம்மதியாகப் படித்தேன் என்று நினைக்காதீர்கள். கேள்வித்தாளை விரித்தால் எழுத்துக்கு முன்னால் அந்தக் கறுப்புப் பட்டைதான் தெரியும். இரண்டு வருஷ இண்டர்மீடியட் முடித்து, பி.ஏ.வுக்குச் சென்னை போனேன். யுத்தம் வந்து, ஜப்பான்காரன் குண்டு விழப் போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிய காலம். நான் குண்டுக்குப் பயந்ததைவிட இங்கிலீஷ் பேப்பருக்கு அதிகம் பயந்தேன்.

அண்ணன் செப்டம்பரில் எழுதினான். மறு வருஷமும் எழுதினான். வரவில்லை. பிறகு விட்டுவிட்டான். கடையைக் கவனித்தான். யுத்தத்தில் சோப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் சீயக்காய்க்கு வரிசை நின்றது. நாற்காலியில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்துகொண்டான். கோட்டுப் போட்டவர் வந்தாலும் எழுந்திருப்பதில்லை. முருகையா அத்தானுக்குச் சிவகிரியிலேயே பெண் எடுத்தார்கள். அவரும் எங்கள் கடையில்தான் தைலம் வாங்குவார்.

கறுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் பி.ஏ. மட்டும் சீசனுக்குச் சீசன் நின்றது. ஊரில் "பி.ஏ. கடை" என்றே பெயர் விழுந்துவிட்டது. "யாருவே அந்த பி.ஏ.?" என்று யாராவது கேட்டால் அப்பா சளைக்காமல் சொல்வார்: "வந்துக்கிட்டு இருக்கு."

அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் போய் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்வேன்.

மறுபடியும் அதே தப்பு

பி.ஏ. பரீட்சை முடித்து ஊருக்கு வந்து, தென்காசி வீட்டில் கோடையைக் கழித்தேன். குற்றாலத்தில் கொட்டகை போட்டாகிவிட்டது. சாரல் தொடங்கிவிட்டது. ரிசல்ட் வரவில்லை. ஒரு காலையில், அந்தத் தடவை என்னோடு தென்காசியிலேயே தங்கிவிட்ட அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

தூரத்திலேயே தெரிந்தது. கறுப்புப் பட்டையின் மேல் புது வெள்ளை எழுத்து. "உலகம்மாள், பி.ஏ."

தூக்கைக் கீழே வைத்துவிட்டேன். "அப்பா! ரிசல்ட் வரலியே! ஏம்ப்பா இப்படிச் செய்தீங்க? போன தடவை பட்டது பத்தாதா?"

அப்பா இரண்டு கையையும் தூக்கினார். "நான் இல்லட்டி. இந்தத் தடவ வேண்டாம்னுதான் நான் சொன்னேன். கேளு, அவனைக் கேளு."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ எண்ணெய் அளந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை. ஆள் போகும் வரை காத்திருந்தேன்.

"அண்ணே, இங்கிலீஷ் ரெண்டாம் பேப்பர் நான் சரியா எழுதல."

"தெரியும். ஒம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"பெயிலாப் போனா?"

அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து அந்தத் தார் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான். மூடியில் தூசி கூட இல்லை.

"தார் இருக்குல்லா. நானே அழிச்சிருதேன். பேரை அழிச்சா என்னட்டி? எம் பேரையும்தான் அழிச்சாங்க. இந்தா இங்கன உக்காந்துதான இருக்கேன். செத்தா போயிட்டேன்?"

இத்தனை வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருந்ததை அவன் ஒரு எண்ணெய்க் கடை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பொட்டலங்களை அடுக்கினார்.

செங்கோட்டை அம்மாவுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். மகளை அனுப்புங்கள். வீட்டில் ஒரு தார் டப்பா இருப்பதையும் அவளிடம் சொல்லி அனுப்புங்கள்.

ரிசல்ட் பிறகு வந்தது. டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அன்று காலை எனக்கு அது தெரியாது. அண்ணன் ஒரு படி நல்லெண்ணெயில் கை விட்டு, என் உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்தான். "போ, போயிக் குளிச்சிட்டு வா" என்றான். அருவிக்குப் போய்ப் பெண்கள் பக்கம் நின்றேன். தண்ணீர் தலையில் அறைந்து விழுந்தது. அப்பா தேடிக்கொண்டு ஆள் அனுப்பும் வரைக்கும் நான் வெளியே வரவில்லை.